அம்ருதா கல்யாணம் இருந்த டிஸ்க்

அன்று காலை ஸ்டூடியோவில் இருந்தவர்கள்:

ஆம்ப்ரோஸ். முதலாளி. பிரேசர் டவுனில் யார் வீட்டுக் கல்யாணமானாலும் மணமக்களுக்கு முன்னால் மேடையேறி நிற்கிற மனிதர். எது கெட்டாலும் கன்னடம் கலந்து "ஆயிடும் பிடு", ஆகிவிடும் விடு, என்பார்.

ஜானகி. கவுன்டர், ஆல்பம், மணப்பெண்ணின் முகத்துப் பருவைக் கம்ப்யூட்டரில் துடைப்பது எல்லாம் அவள்தான். புருஷனுக்கு அடுகோடியில் லேத் பட்டறை.

சந்தானம். அரசாங்க உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். அந்தச் சேதி அவருக்கு இன்னும் சரியாகப் போய்ச் சேரவில்லை.

அம்ருதா. அவர் மகள். ஆவணியில் கல்யாணமானவள். ஆனதற்கு அத்தாட்சி கேட்டு வந்திருந்தாள்.

இளங்கோவன். என்ஜினீயரிங்கை மூன்றாம் வருஷத்தில் விட்டவன். ராத்திரியில் கோரமங்கலாவில் ஒரு கம்பெனியின் கம்ப்யூட்டர்களுக்குக் காவல். பகலில், தூங்க வேண்டிய நேரத்தில், ஆம்ப்ரோஸிடம் வேலை.

இவர்களைத் தவிரப் பின்னறையில் ஒரு சர்வர். அது இருந்தது என்று சொல்லலாம். அதற்கு மேல் எதுவும் சொல்வதற்கில்லை.

அம்ருதாவுக்கு மறுநாள் காலை சென்னையில் விசா இன்டர்வியூ. புருஷன் தாலி கட்டிய கையோடு நியூ ஜெர்சிக்குப் போய்விட்டான். இவள் போய்ச் சேர வேண்டுமானால், கல்யாணம் உண்மையாகவே நடந்தது என்று தூதரகத்து ஆள் நம்ப வேண்டும். அவர்கள் சர்டிபிகேட்டைவிடப் போட்டோவைத்தான் உற்றுப் பார்ப்பார்கள் என்று போய்வந்தவர்கள் எல்லாரும் சொல்லியிருந்தார்கள். கன்டோன்மென்ட் ஸ்டேஷனில் சாயங்கால வண்டி. அதற்குள் போட்டோ கைக்கு வர வேண்டும்.

ஆல்பம் இந்நேரம் தயாராகியிருக்க வேண்டியது. ஆகாததற்குக் காரணம் சந்தானம். எந்தப் படம் ஆல்பத்தில் வருவது என்று கடைக் கம்ப்யூட்டரில் பார்த்து முடிவு செய்ய வீட்டு ஆட்களை வைத்து ஒரு கமிட்டி போட்டிருந்தார். எல்லாக் கமிட்டியையும் போல அதுவும் கூடிக் கூடிக் கலைந்தது. பெண் வீட்டுப் படம் அதிகமா, பிள்ளை வீட்டுப் படம் அதிகமா என்பதிலேயே புரட்டாசி வந்துவிட்டது.

நெகடிவ் இருந்தால் ஒரு மணி நேர வேலை. ஆனால் அது இரண்டாயிரத்து மூன்று. ஆம்ப்ரோஸ் அந்த வருஷம்தான் டிஜிட்டல் கேமராவுக்கு மாறியிருந்தார். எடுத்த படங்களை சர்வரில் ஏற்றுவார், கேமராவின் கார்டைத் துடைப்பார், அடுத்த கல்யாணத்துக்குப் போவார். சீடியிலும் ஒரு நகல் போட்டு வைக்கச் சொல்லி இளங்கோவன் எத்தனையோ தரம் சொல்லியிருந்தான். அதுவும் ஆயிடும் பிடு கணக்கில் போயிற்று. ஆகவே அம்ருதாவின் கல்யாணம் மொத்த உலகத்திலும் ஒரே ஒரு டிஸ்க்கில்தான் இருந்தது.

அந்த டிஸ்க் இருந்த சர்வரை அமைத்துக் கொடுத்தவன் இளங்கோவன். விண்டோஸில் வைரஸ் வருகிறது என்று ஆம்ப்ரோஸ் அழுதபோது, லினக்ஸ் போட்டுத் தருகிறேன், படுக்கவே படுக்காது என்று சொல்லிவிட்டான். ராத்திரி வேலை பார்க்கிறவர்கள் விடியற்காலையில் இந்த மாதிரி வாக்குக் கொடுக்கக் கூடாது.

அது படுத்தது விஜயதசமி அன்று. அன்றைக்குப் பேருக்காவது தொழிலைத் தொடங்க வேண்டும் என்று ஜானகி சொன்னதால், ஆம்ப்ரோஸ் சர்வரைப் போட்டு ஒரு கல்யாணத்தை ஏற்றினார். பாதியில் அசையாமல் நின்றுவிட்டது. அவர் ஒயரைப் பிடுங்கிவிட்டு வீட்டுக்குப் போனார். கடை திறந்த இன்று காலை அது எழுந்திருக்கவே இல்லை. கறுப்புத் திரையில், டிஸ்க்கில் கோப்புகள் குழம்பிக் கிடக்கின்றன, ஆள் வந்து சரி செய்யட்டும் என்கிற பொருளில் ஒரு வரி.

இளங்கோவன் கலங்கவில்லை. இதற்கென்றே ஒரு பழுது பார்க்கும் புரோகிராம் உண்டு. டிஸ்க்கை முதலிலிருந்து கடைசிவரை படித்து, எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்ற கணக்கை நேர் செய்யும். அதை ஓட விட்டான். அது கொஞ்ச தூரம் போயிற்று, ஒரு கோப்பைச் சரி செய்யட்டுமா என்று கேட்டது, சரி என்றான், இன்னும் கொஞ்சம் போயிற்று, பிறகு அதுவே விழுந்து செத்தது. 'செக்மென்டேஷன் ஃபால்ட்' என்று ஒரு வரி, அவ்வளவுதான்.

என்ன ஆச்சு என்று பின்னாலிருந்து சந்தானம் கேட்டார். ரிப்பேர் பண்ண வந்தது ரிப்பேர் ஆகிவிட்டது என்றான். அவர் தலையாட்டினார். அவர் இருந்த டிபார்ட்மென்டிலும் அப்படித்தான் என்றார்.

மறுபடி ஓட விட்டான். மறுபடி செத்தது. டிஸ்க்கில் ஏதோ ஒரு கோப்பு தாறுமாறாகக் கெட்டிருக்கிறது, அதைத் தொட்டதும் புரோகிராம் விழுகிறது என்று முடிவு செய்தான். அதில் தப்பில்லை, எவனும் முதலில் அப்படித்தான் நினைப்பான். இந்த வியாதிக்கு மருந்து, அதே புரோகிராமின் புதிய பதிப்பு. தெருக்கோடி நெட் சென்டரில் ஒரு பையனை எழுப்பிவிட்டு, டயல்-அப்பில் அது சொட்டுச் சொட்டாக இறங்குவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்து, பிளாப்பியில் கொண்டுவந்தான். கடைக்குள் போட்டால் பிளாப்பி கெட்டுப்போயிருந்தது. இன்னொரு பிளாப்பியோடு மறுபடி போனான்.

அவன் இல்லாத நேரத்தில் கடையில் யோசனைகள் பிறந்தன. ஆம்ப்ரோஸ் அந்தோணியாருக்கு மெழுகுவத்தி நேர்ந்துகொண்டார். காணாமல் போனதைக் கண்டுபிடித்துத் தருவதில் அவரை மிஞ்ச ஆளில்லை என்று சந்தானத்துக்கு விளக்கினார். சந்தானம், ஸ்ரீரங்கத்திலும் ஒன்று நேர்ந்துகொண்டால் பாதகமில்லையே என்றார். ஜானகி சொன்ன யோசனை எளிமையானது. பட்டுப்புடவை வீட்டில் இருக்கிறது, மாலை ரசல் மார்க்கெட்டில் கிடைக்கும், வாத்தியார் ஃபோன் செய்தால் வருவார், இன்னொரு தடவை எடுத்துவிட்டால் என்ன?

"மாப்பிள்ளை?" என்றாள் அம்ருதா.

ஜானகி அதை யோசிக்கவில்லை. யோசித்தபடி ஆம்ப்ரோஸைப் பார்த்தாள். ஆம்ப்ரோஸ் தன் தொந்தியைப் பார்த்துக்கொண்டார். பிறகு அந்த யோசனையைப் பற்றி யாரும் பேசவில்லை.

புதிய பதிப்பு வந்தது. ஓடியது. விழுந்தது.

இளங்கோவன் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டான். தூங்குகிறான் என்று சந்தானம் நினைத்தார். பாதி உண்மை. ராத்திரி முழுக்க விழித்த கண்ணுக்குள் எண்கள் ஓடின. முதல் தடவை அது விழுந்தது டிஸ்க்கின் ஆரம்பத்தில். இரண்டாவது தடவை நடுவுக்கும் அப்பால். இப்போது மறுபடி ஆரம்பத்தில், ஆனால் வேறு இடம். சொத்தைப் பல் என்றால் ஒவ்வொரு தடவையும் அதே பல்தானே வலிக்க வேண்டும்? ஒரு நாள் மேல்வரிசை, ஒரு நாள் கீழ்வரிசை, ஒரு நாள் காது என்று வலித்தால், வியாதி பல்லில் இல்லை.

டிஸ்க் கெட்டதால் புரோகிராம் விழவில்லை. புரோகிராம் எந்த மெமரியில் உட்கார்ந்து யோசிக்கிறதோ, அந்த மெமரியே பிசகு. டிஸ்க்கை முதலில் குழப்பியதும் அதுதான். குடித்துவிட்டு ஆபரேஷன் செய்கிற டாக்டரிடம் காலையிலிருந்து நோயாளியை விட்டுவிட்டு, ஒவ்வொரு வெட்டுக்கும் 'சரி, சரி' என்று தலையாட்டியிருக்கிறான். நிமிர்ந்து உட்கார்ந்து சுவிட்சை அணைத்தான்.

"யாரும் இத தொடாதீங்க" என்றான்.

யாரும் தொடவில்லை. காலையிலிருந்து தொட்டவன் அவன் ஒருவன்தான்.

பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றினான். உள்ளேயிருந்து கோயில் வாசனை வந்தது. மெமரிப் பலகை நட்டுக்குத்தாக நின்றது. அதில் வரிசையாக இருந்த கறுப்புச் சில்லுகள் ஒவ்வொன்றின் மேலும் ஒரு சந்தனப் பொட்டு, நடுவில் குங்குமம். அளவெடுத்து வைத்ததுபோல அவ்வளவு அழகு. வைத்தபோது சந்தனம் கொஞ்சம் தண்ணியாக இருந்திருக்க வேண்டும். வழிந்து, பலகை செருகியிருந்த பள்ளத்துக்குள் இறங்கிக் காய்ந்திருந்தது.

இளங்கோவன் அதை வெகுநேரம் பார்த்தான். ஆம்ப்ரோஸ் எட்டிப் பார்த்து, சிலுவை போட்டுக்கொண்டார்.

ஆயுத பூஜையை அந்தக் கடையில் ஜானகிதான் செய்வாள். ஆம்ப்ரோஸ் பொரியும் பூசணிக்காயும் வாங்கித் தருவார். பொரி தின்பதில் மத பேதம் கிடையாது. ஜானகி பூஜை கற்றது புருஷனின் பட்டறையில். லேத்துக்குப் பொட்டு வைக்கிறவர்கள் அதன் உடம்பில் வைக்க மாட்டார்கள். இரும்பைச் சீவுகிற முனை எதுவோ அதில் வைப்பார்கள். வேலை செய்கிற இடத்துக்குத்தான் மரியாதை. வெளித்தகட்டில் வைப்பது வேலை தெரியாதவன் செய்வது. போட்டோக் கடையில் கேமராவுக்கு லென்ஸ் என்று அவளுக்கே தெரிந்தது. அதை ஆம்ப்ரோஸ் கடைசி நிமிஷத்தில் தடுத்துவிட்டார். சர்வருக்கு எது என்று தெரியவில்லை. ஷிஃப்ட் முடிந்து வந்து பெஞ்சில் சுருண்டு கிடந்த இளங்கோவனைத் தட்டிக் கேட்டாள்.

"நீதான தம்பி சொன்ன" என்றாள் ஜானகி இப்போது. "இதுல எல்லா வேலையும் செய்றது எதுடான்னு கேட்டேன். மெமரின்னு சொன்ன. எங்க இருக்குன்னு கேட்டேன். நீயே எழுந்து வந்து தகட்ட கழட்டி காட்டிட்டுப் போய் படுத்துட்ட."

"பொட்டு வைக்கன்னு சொன்னியாக்கா?"

"ஆயுத பூஜை அன்னிக்கு கையில சந்தனக் கிண்ணத்தோட வந்து கேக்கறேன். வேற எதுக்கு கேப்பேன்?"

அவனுக்கு ஒன்றும் நினைவில்லை. ஆனால் அவள் சொல்வது பொய்யில்லை என்று தெரிந்தது. தூக்கத்தில் அவன் எப்போதும் சரியான பதிலையே சொல்லிவிடுவான். அதுதான் அவனிடமிருந்த கோளாறு.

சந்தானம் ஒரு விசாரணை நடத்த விரும்பினார். உத்தரவு கொடுத்தது யார், நிறைவேற்றியது யார், மேற்பார்வை யார் என்று விரல் மடக்கத் தொடங்கினார். அம்ருதா தன் கைக்கடிகாரத்தை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். விசாரணை ஒத்திவைக்கப்பட்டது.

மெமரிப் பலகையின் பொன்னிறப் பற்களைச் சுத்தம் செய்ய ரப்பரைவிட நல்ல ஆயுதம் கிடையாது. பென்சில் எழுத்தை அழிக்கிற சாதாரண ரப்பர். போட்டோக் கடையில் அது இல்லை. ஆம்ப்ரோஸ் எதிர்க் கடைக்கு ஓடினார். அங்கே இருந்தது ஸ்ட்ராபெரி வடிவத்தில், ஸ்ட்ராபெரி வாசனையில், இலை வைத்த ரப்பர் ஒன்றுதான். இளங்கோவன் அதை வாங்கிப் பற்களைத் தேய்த்தான். பள்ளத்தை, ஜானகி லென்ஸ் துடைக்கிற பிரஷ்ஷால் சுரண்டிச் சுரண்டி எடுத்தான். பெட்டியில் இப்போது சந்தனமும் ஸ்ட்ராபெரியும் கலந்து ஒரு வாசனை அடித்தது. சில்லுகளின் மேலிருந்த பொட்டுகளையும் அழிக்கப் போனான். ஜானகி பார்த்த பார்வையில், மேலே இருப்பது பாதகமில்லை என்று விட்டுவிட்டான்.

பழுது பார்க்கும் புரோகிராமை நான்காம் முறையாக ஓட விட்டான். போயிற்று. முதல் தடவை விழுந்த இடத்தைத் தாண்டிற்று. நடுவைத் தாண்டிற்று. விழவில்லை. ஆனால் கேள்வி கேட்டது. இந்தக் கோப்புக்குப் பெயர் இல்லை, தனியே சேர்த்து வைக்கட்டுமா? இந்த எண்ணிக்கை தப்பு, திருத்தட்டுமா? இந்தத் துண்டு இரண்டு பேருக்குச் சொந்தம் என்கிறது, அழிக்கட்டுமா? காலையிலிருந்து குடிகார டாக்டர் வெட்டிப் போட்ட இடமெல்லாம் கேள்வியாக வந்தது. ஒவ்வொன்றுக்கும் 'ஒய்' என்ற பொத்தானை அழுத்தினால்தான் அடுத்தது.

சந்தானம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்தார். ஒவ்வொரு கேள்வியையும் படித்தார். படித்துப் புரிந்துகொள்ளாமல் சம்மதம் தருவது சரியில்லை என்றார். தன் சர்வீஸில் ஒரு ஃபைலைக்கூடப் படிக்காமல் தள்ளியதில்லை என்றார். "அழிக்கட்டுமான்னு கேக்கறதே, எத அழிக்கப் போறதுன்னு திருப்பிக் கேளு" என்றார். அதற்குக் கேட்டுத்தான் பழக்கம், பதில் சொல்லிப் பழக்கமில்லை என்றான் இளங்கோவன். அப்படியானால் எழுத்துமூலமாக வாங்கு என்றார்.

இளங்கோவன் கவுன்டரிலிருந்து ஸ்டேப்ளரை எடுத்துவந்து அந்தப் பொத்தானின் மேல் வைத்தான். கேள்விகள் அருவி மாதிரிக் கொட்டின. எல்லாவற்றுக்கும் ஸ்டேப்ளர் சரி சரி சரி என்றது. சந்தானம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வெளியே போய் நின்றார். தன் கண் முன்னால் இப்படி ஒரு நிர்வாகம் நடப்பதை அவரால் பார்க்க முடியவில்லை.

அது முடிந்தபோது மதியம் போயிருந்தது. டிஸ்க் திறந்தது. உள்ளே கல்யாணப் பெயரில் இருந்த அறைகள் எல்லாம் காலி. பெயர் தொலைந்த கோப்புகளை அந்தப் புரோகிராம் ஒரே இடத்தில் கொண்டுபோய்க் கொட்டியிருந்தது. அந்த இடத்துக்குப் பெயர் 'லாஸ்ட் அண்ட் ஃபவுண்ட்'. ஆம்ப்ரோஸ் அதை எழுத்துக்கூட்டிப் படித்து, இது அந்தோணியார் டிபார்ட்மென்ட் என்றார். இளங்கோவன் மறுக்கவில்லை. மறுக்கத் தெம்பில்லை.

ஒவ்வொரு படத்துக்கும் பெயருக்குப் பதில் ஒரு எண். அந்த வருஷம் ஆம்ப்ரோஸ் எடுத்த எல்லாக் கல்யாணமும், இரண்டு பெயர்சூட்டு விழாவும், ஒரு சர்ச் பிக்னிக்கும் கலந்து கிடந்தன. திறந்து பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். அம்ருதா நாற்காலியில் உட்கார்ந்தாள். படங்கள் ஓடின. வெள்ளைக் கவுன் மணப்பெண், நிக்காஹ் மேடை, யாரோ ஒரு குழந்தையின் அழுகை, பிறகு சட்டென்று சந்தானம் பந்தியில் லட்டோடு. தனக்குச் சர்க்கரை வியாதி என்று வீட்டில் சொல்லி வைத்திருந்தது அவர்தான். அம்ருதா அவரைத் திரும்பிப் பார்த்தாள். அடுத்ததைப் போடு என்றார்.

தாலி கட்டுகிற படம் வந்தது. எல்லாரும் மூச்சுவிட்டார்கள். படம் மேலிருந்து கீழாகத் திரையில் இறங்கிற்று. நெற்றிச்சுட்டி, கண், மூக்கு, குனிந்த மாப்பிள்ளையின் தலை. கழுத்துக்கு வந்ததும் நின்றது. அதற்குக் கீழே முழுக்கச் சாம்பல் நிறம். தாலி இருக்க வேண்டிய இடத்தில் மழைநாள் வானம்.

அடுத்ததும் அப்படி. மாலை மாற்றுகிற படத்தில் உயரத் தூக்கிய மாலை இருந்தது, மாற்றுகிறவர்கள் இல்லை. அம்மி மிதிக்கிற படத்தில் குனிந்த தலைகளுக்குக் கீழே எதுவும் தப்பவில்லை. முழுசாகப் பிழைத்தவை எல்லாம் பந்தி, பந்தியில் இருந்த மாமாக்கள், செருப்புக் குவியல். மணமக்கள் இருவரும் ஒரே சட்டத்துக்குள் முழுதாக இருக்கிற படம் ஒன்றுகூட இல்லை. வெளியே நின்ற ஆட்டோக்காரன் ஹாரன் அடித்தான். அம்ருதா கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"இன்னும் கொஞ்சம்தான் மேடம்" என்றான் இளங்கோவன். அவன் குரலே அவனுக்குப் புதிதாக இருந்தது. காலையிலிருந்து அவன் யாரிடமும் இதமாகப் பேசியிருக்கவில்லை.

அப்போது அது வந்தது. மேலிருந்து இறங்கிற்று, எங்கும் நிற்காமல் அடிவரைக்கும். அக்னியை வலம் வருகிற படம். புகை, புரோகிதர், மாப்பிள்ளையின் வலது கையில் அம்ருதாவின் கை, அம்ருதாவின் கழுத்தில் தாலி, அத்தனையும் பளிச்சென்று. மாப்பிள்ளையின் காதுக்கும் தோளுக்கும் நடுவில் ஒரு செல்போன். கழுத்தை ஒடித்து அதைப் பிடித்துக்கொண்டு, அக்னி தேவனைப் பார்க்காமல் எங்கோ பார்த்துப் பேசிக்கொண்டிருந்தான். அம்ருதா அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையில் ஒரு புள்ளிகூடக் கெடவில்லை.

எல்லாரும் அம்ருதாவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"அவர் ஆஃபீஸ்ல அன்னிக்கு ஏதோ சர்வர் விழுந்துடுத்து" என்றாள் அம்ருதா.

இளங்கோவனுக்கு முதல்முறையாக அந்த மாப்பிள்ளையின் மேல் ஒரு பாசம் வந்தது.

இந்தப் படம் ஆகாது என்றார் சந்தானம். கமிட்டி முதல் நாளே நீக்கிய படம் இது. குடும்பத்துக்கு ஒரு கௌரவம் உண்டு, இதைப் பார்க்கிற வெள்ளைக்காரன் என்ன நினைப்பான், இன்னும் தேடு என்றார். தேட நேரமில்லை என்றாள் மகள். அப்படியானால் கம்ப்யூட்டரில் செல்போனை எடுத்துவிடச் சொன்னார். பருவை எடுக்கிறவர்கள் இதை எடுக்க முடியாதா?

"எடுக்கலாம் சார்" என்றான் இளங்கோவன். "எடுத்தா அது நாங்க பண்ண போட்டோ. இப்ப இருக்கறது உங்க வீட்டுக் கல்யாணம்."

"அப்பா" என்றாள் அம்ருதா. "கட்டிக்காத ஒருத்தன நான் இப்படிப் பாப்பேனா? அந்த ஆபீசருக்கும் கல்யாணம் ஆகியிருக்கும். பாத்தா புரிஞ்சுப்பார்."

ஜானகி பிரின்டரைத் தட்டினாள். பெரிய அளவில் ஒன்று, சின்ன அளவில் ஒன்று. ஈரம் காயுமுன் கவருக்குள் வைத்தாள். சந்தானம் பையிலிருந்து பச்சை மைப் பேனாவை எடுத்து, பின்பக்கத்தில் 'உண்மை நகல்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவதாகச் சொன்னார். அந்த அதிகாரம் ஓய்வோடு போயிற்று என்று அம்ருதா நினைவூட்டி, கவரைக் கைப்பைக்குள் போட்டு, இளங்கோவனைப் பார்த்து ஒரு தடவை தலையசைத்துவிட்டு, ஆட்டோவில் போய் உட்கார்ந்தாள்.

சந்தானம் ஆட்டோவரைக்கும் போய்த் திரும்பி வந்தார். மிச்சப் படங்களை அக்கறையாக எடுத்து வைக்கச் சொன்னார், முக்கியமாக அந்த லட்டுப் படத்தைத் தவிர. ஆம்ப்ரோஸ் ஆயிடும் பிடு என்றதும் சந்தானம் போனார். ஆட்டோ கிளம்புகிற சத்தம் கேட்டு நின்றது. மறுபடி உள்ளே வந்து, செல்போனை எடுக்க வேண்டாம், அம்ருதாவின் கண்ணை மட்டுமாவது கொஞ்சம் சாந்தமாக்கித் தர முடியுமா, இரண்டு நிமிஷம்தானே என்று கேட்டார்.

ஆட்டோவுக்குள்ளிருந்து அம்ருதா அப்பா என்று கூப்பிட்டாள். படத்தில் இருந்த அதே பார்வை அங்கேயும் இருந்திருக்க வேண்டும், ஏனென்றால் ஆட்டோக்காரன் ஹாரன் அடிப்பதை நிறுத்திவிட்டான். ஆம்ப்ரோஸ் கவுன்டரைச் சுற்றி வந்து, சந்தானத்தின் இரண்டு தோளையும் பிடித்து, மேடையில் மாப்பிள்ளையை வெளிச்சம் பார்த்துத் திருப்புகிற அதே பக்குவத்தோடு வாசல் பக்கம் திருப்பி, படி இறக்கிவிட்டு, அவருக்குப் பின்னால் கண்ணாடிக் கதவைச் சாத்திப் பூட்டினார்.